பார்த்துப் படித்த பாடம்

காலையில் எழுவது எனக்கு ஒருநாளும் சிரமமாக இருந்ததில்லை. பிரிக்பீல்ட்ஸில் எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால்தான் தண்டவாளம். முதல் ரயில் ஊதுவதற்கு முன்பே முகம் கழுவி, திருநீறு பூசி, புத்தகத்தின் முன் உட்கார்ந்துவிடுவேன். அம்மா கோப்பி கொண்டுவந்து வைப்பார். அது ஆறி, ஆடை படிந்து, அப்படியே அடுப்படிக்குத் திரும்பிப் போகும். இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, இன்ஸ்பெக்டர் ஐயா. இந்தத் தில்லையம்பலம் படிப்பில் அக்கறை இல்லாதவன், அதனால்தான் இந்த வேலை செய்தான் என்று நாளைக்கு யாராவது உங்களிடம் வந்து சொல்லக்கூடும். நம்பவேண்டாம். என்னைப்போல் பாடுபட்டுப் படித்தவன் எங்கள் வகுப்பில் ஒருவனும் கிடையாது.

ஆனால் மார்க்கு வரவில்லை. சிங்கப்பூர் வைத்தியக் கல்லூரியில் மற்றப் பாடங்களை எப்படியோ தாண்டிவிட்டேன். நோய்களைப் பற்றிய தாளில் மட்டும் இரண்டு முறை தோற்றேன். இரண்டு முறையும் என்னைக் கவிழ்த்தது மலேரியா என்கிற குளிர்காய்ச்சல். மூன்றாம் முறையும் தோற்றால் பெயரை எடுத்துவிடுவார்கள். அப்பா ரயில்வேயில் தலைமைக் குமாஸ்தா. என்னைக் கல்லூரியில் சேர்த்த அன்று முதல் எங்கள் தெருவில் என்னை ‘டொக்டர் தம்பி’ என்றுதான் கூப்பிட்டார்கள். இரண்டாம் முறை தோற்றுவிட்டு வந்தபோதும் அப்படியே கூப்பிட்டார்கள். அதில் கேலி இருந்ததா என்று எனக்குத் தெரியாது. அப்பா மட்டும் மாலையில் கோயிலுக்குப் போவதை நிறுத்திக்கொண்டார்.

என் படிப்பு எப்படி இருந்தது என்று கேட்டால், ஒரு பக்கத்தைப் பார்க்காமல் ஒப்பிக்கும்வரை வாசிப்பேன். பிறகு அதையே கையால் எழுதுவேன். விரல் காய்த்துப்போகும். ஆனால் தாளில் அவர்கள் பக்கத்தைக் கேட்பதில்லை. முப்பது வயது ஆள் ஒருவன் நடுங்கிக்கொண்டு வருகிறான், என்ன பார்ப்பாய், அடுத்து என்ன நடக்கும் என்று கேட்பார்கள். நான் மனப்பாடம் செய்த பக்கங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் எழுந்து நிற்கும். அவற்றுக்குள் அந்த ஆள் மட்டும் இருக்கமாட்டான்.

தோற்றுப் பின்தங்கி நான் வந்து சேர்ந்த வகுப்பில் யோகநாதன் என்று ஒருவன். கிள்ளான்காரன். மாலையானால் டென்னிஸ் மட்டையோடு போய்விடுவான். அவன்தான் எப்போதும் முதல். ஒருநாள் வெட்கத்தை விட்டு அவனிடமே கேட்டேன், எப்படிப் படிக்கிறாய் என்று. மட்டையின் நரம்பை விரலால் தட்டியபடி சொன்னான்.

“நீ எத்தினை தரம் வாசிச்சாலும் ஒண்டுதான், தில்லை. முதல்லை கட்டில்லை கிடக்கிற வருத்தக்காரனைப் பார். பார்த்ததை உன்ரை வாயாலை ஆருக்காவது சொல்லு, விளங்காத ஆளுக்குச் சொல்லு. பிறகு புத்தகத்தைத் திற. எங்கை பிழைவிட்டனீ எண்டு அதுவே காட்டித் தரும்.”

யோகநாதனைக் கூப்பிட்டு விசாரிக்க நினைப்பீர்கள். அவனை விட்டுவிடுங்கள். அவன் சொன்னது சரியான வழி. அதில் ஒரு குற்றமும் இல்லை. இன்றைக்கும் உழைத்தும் மார்க்கு வராத எந்த மாணவனுக்கும் நான் அதைத்தான் சொல்வேன்.

விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தேன். புத்தகங்களைக் கட்டிக்கொண்டு கிள்ளானுக்கு ரயில் ஏறினேன். அங்கிருந்து கடற்கரைப் பக்கமாகப் போனால் ஒரு ரப்பர் தோட்டம், பாலத்துத் தோட்டம் என்று ஆட்கள் சொல்வார்கள். அம்மாவின் தம்பி, என் அம்மான் சிவசம்பு, அங்கே டிரெஸராக இருந்தார். தோட்டத்து ஆஸ்பத்திரி அவர் பொறுப்பு. பலகைச் சுவர், தகரக் கூரை, ஆண்களுக்கு ஓர் அறை, பெண்களுக்கு ஓர் அறை. வாரத்துக்கு ஒருமுறை வெள்ளைக்கார டாக்டர் கிள்ளானிலிருந்து வந்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பார். மற்ற நாளெல்லாம் மருந்து, கட்டு, ஊசி எல்லாம் அம்மான்தான். அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். மிகவும் சந்தோஷப்பட்டார். தன் மேசையையே எனக்கு ஒழித்துக் கொடுத்தார்.

அந்த முதல் நாட்கள் என் வாழ்க்கையிலேயே நல்ல நாட்கள். கால் புண்ணோடு வந்தவனைப் பார்த்தேன், வயிற்றுக்கடுப்போடு வந்த கிழவியைப் பார்த்தேன், ரத்தம் வற்றிப்போன பெண்ணின் கண் இமையை விலக்கிப் பார்த்தேன். பார்த்ததை, ஆஸ்பத்திரியைக் கூட்டிப் பெருக்கும் தங்கமணியிடம் சொல்லிப் பார்ப்பேன். அவள் விளக்குமாற்றை ஊன்றிக்கொண்டு கேட்பாள். சொல்லும்போதே எனக்கு எது தெரியவில்லை என்பது தெரிந்துவிடும். பிறகு புத்தகத்தைத் திறந்தால் பக்கம் தானாகப் பேசும். பல வருஷம் பூட்டிக் கிடந்த வீட்டில் ஒருவன் ஜன்னலைத் திறந்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. நான் மந்தபுத்தி என்று நானே நம்பத் தொடங்கியிருந்த காலம் அது. மந்தம் என் வழியில்தான் இருந்தது என்று தெரிந்துகொண்டபோது எவ்வளவு நிம்மதி என்பதை, எப்போதும் பாஸ் பண்ணினவர்களுக்குச் சொல்லி விளக்க முடியாது.

குளிர்காய்ச்சல் மட்டும் கைக்கு வரவில்லை. தோட்டத்தில் காய்ச்சலுக்குக் குறைவு இல்லை. ஆனால் காலையில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடும் பெரட்டுக்களத்திலேயே, அந்தக் காய்ச்சலுக்கு மருந்தான கொய்னாத் தண்ணீரைக் கொடுத்துவிடுகிறார்கள். நடுங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வருகிறவனுக்கு அம்மான் வாசலிலேயே வாயைத் திறக்கச் சொல்லி ஊற்றிவிடுவார். இரண்டொரு நாளில் காய்ச்சல் விட்டுவிடும். மறுவாரம் அவன் பால் வெட்டப் போய்விடுவான். புத்தகத்தில் இருபது பக்கத்துக்கு எழுதியிருக்கும் நோய் என் கண்முன்னே இரண்டாம் பக்கத்திலேயே அழிக்கப்பட்டது. இதை அம்மானிடம் சொல்லிக் குறைபட்டுக்கொண்டேன். அவர் சிரித்தார்.

“தம்பி, காய்ச்சலைப் படிக்கிறதுக்கு இஞ்சை ஆரும் வாறேல்லை. நிப்பாட்டத்தான் வாறாங்கள்.”

பிறகு அவருக்குச் சிரம்பானுக்குப் போகவேண்டி வந்தது. மகள் பூரணத்துக்குக் கல்யாணப் பேச்சு. போன இடத்தில் நாளே குறித்துவிட்டார்கள். கல்யாணத்தை முடித்துவிட்டு வருவதாகச் சொல்லி அனுப்பினார். எங்கள் வீட்டில் எல்லோரும் கல்யாணத்துக்குப் போனார்கள். நான் பரீட்சையைக் காரணம் சொல்லி நின்றுகொண்டேன். ரப்பர் விலை விழுந்திருந்த நேரம். வேறு டிரெஸரை வரவழைக்கத் தோட்டத்துத் துரைக்கு மனமில்லை. டாக்டருக்குப் படிக்கிற பையனே இருக்கிறானே என்றார். அம்மான் அலமாரிச் சாவியை என் கையில் கொடுத்தபோது ஒன்றுதான் சொன்னார். கொய்னாவை மட்டும் ஒரு நேரமும் தவறவிடாதே என்றார்.

அவர் போன இரண்டாம் நாள் நாகையா வந்தான்.

நாகையா ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவன். முப்பது வயது இருக்கும். திடமான ஆள். மனைவி இராஜம்மா அவனைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்தாள். பற்கள் கிட்டிக்கொண்டு பேச முடியாத நிலையிலும், கேட்ட கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொன்னான். எப்போது தொடங்கியது, எத்தனை நேரம் குளிர்ந்தது, தலை எந்தப் பக்கம் வலிக்கிறது என்று சுற்றி வளைக்காமல் சொன்னான். பெரும்பாலான நோயாளிகளுக்கு இது வராது. எல்லாம் வலிக்குது என்பார்கள். ஒரு மாணவனுக்கு இப்படி ஓர் ஆள் கிடைப்பது எவ்வளவு பெரிய உதவி என்பதை நினைத்துப் பாருங்கள்.

பசி எடுப்பதற்காகக் கொடுக்கும் மருந்து ஒன்று அலமாரியில் இருந்தது. கொய்னாவைப்போலவே கசக்கும். காய்ச்சலை ஒன்றும் செய்யாது. அதைத் தண்ணீரில் கலந்து கொடுத்தேன். இரண்டு மூன்று நாள், காய்ச்சலின் வரவையும் போக்கையும் முழுதாகப் பார்க்கும்வரை மட்டும் என்றுதான் நினைத்தேன். அதில் ஆபத்து இல்லை. எத்தனையோ பேர் லயத்து வீட்டிலேயே ஒரு வாரம் நடுங்கிவிட்டுப் பிறகுதான் வருகிறார்கள்.

மற்றபடி அவனுக்கு நான் குறை வைக்கவில்லை. என் கம்பளியைக் கொடுத்தேன். டின் பால் கொடுத்தேன். காய்ச்சல் ஏறும்போது நானே துணி நனைத்துப் போட்டேன். அந்த அறையில் வேறு யாருக்கும் அப்படி நடக்கவில்லை. கட்டிலடியில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, யோகநாதன் சொன்னபடி, பார்த்ததை வாய்விட்டுச் சொல்வேன். தங்கமணிக்குச் சொல்வதை விட்டுவிட்டு நாகையாவுக்கே சொல்லத் தொடங்கினேன். இப்போது குளிரும், பிறகு எரியும், அதன்பின் வேர்த்துக் கொட்டும், வேர்த்த பிறகு தூக்கம் வரும் என்பேன். அப்படியே நடக்கும். அவன் ஆச்சரியப்பட்டான். தன் உடம்பைப் பற்றி ஒரு படித்தவன் இவ்வளவு நேரம் தன்னிடம் பேசியதே இல்லை என்றான்.

ஒருநாள் காலையில், காய்ச்சல் விட்டிருந்த நேரம், எழுந்து உட்கார்ந்து சொன்னான்: “மத்தவங்க எல்லாரும் கொய்னா குடிச்சா காது இரையுதுங்கறாங்க. எனக்கு ஒண்ணுமில்லீங்க சின்னய்யா. உங்க கை நல்ல கை.”

கொய்னா காதில் இரைச்சலைக் கொடுக்கும் என்பது புத்தகத்தில் இருக்கிறது. நான் அதைப் பலமுறை வாசித்திருந்தேன். அவன் சொன்ன பிறகுதான் அது எனக்கு மறக்காமல் நின்றது.

டாக்டர் வந்தார். காய்ச்சல் ஏன் விடவில்லை என்று கேட்டார். கொய்னா கொடுக்கிறாயா என்றார். கொடுக்கிறேன் என்றேன். அளவை இரட்டிப்பாக்கச் சொன்னார். நான் இரட்டிப்பாக்கினேன். அந்தக் கசப்பு மருந்தைத்தான். அடுத்த முறை நான் வரும்போதும் இப்படியே இருந்தால் கிள்ளான் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடு என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூன்று நாள் போதும் என்று நினைத்தது உண்மை. ஆனால் மூன்று நாளில் நோய் தன் முகத்தை மாற்றிக்கொண்டது. காய்ச்சல் ஒழுங்கு தவறி வந்தது. விலாவுக்குக் கீழே மண்ணீரல் கையில் தட்டுப்பட்டது. கண் மஞ்சளாயிற்று. நான் எழுதி எழுதித் தோற்ற இடம் இதுதான். நல்ல வகைக் காய்ச்சலையும் கெட்ட வகைக் காய்ச்சலையும் பிரித்துக் காட்டு என்று கேட்டிருந்தார்கள். இரண்டு முறையும் நான் ஒன்றை மற்றதாக எழுதினேன். இப்போது கெட்ட வகை என் முன்னால் படுத்திருந்தது. பாதியில் எழுந்து போனால் மீதியை எங்கே போய்ப் படிப்பேன்? புத்தகத்திலா?

இராஜம்மா தினமும் வேலை முடிந்து, பால் வாளியைக் கழுவி வைத்துவிட்டுக் கஞ்சியோடு வருவாள். வாசலில் நின்று, “இன்னிக்கு எப்படியிருக்கும்னு சொல்லுங்கய்யா” என்று கேட்பாள். நான் சொல்வேன். இன்றைக்குப் பிதற்றுவான், உன்னை அடையாளம் தெரியாது, பயப்படாதே என்பேன். அப்படியே ஆகும். நான் சொன்னதெல்லாம் நடந்ததால் அவளுக்கு என்மேல் நம்பிக்கை கூடிக்கொண்டே போயிற்று. அவனைக் கிள்ளானுக்குக் கொண்டுபோகலாம் என்று அவள் அண்ணன் பக்கிரிசாமி லோரிக்குச் சொல்லிவிட்டு வந்தபோது, அவள்தான் தடுத்தாள். சின்னய்யாவுக்குத் தெரியாததா அங்கே தெரியப்போகிறது என்றாளாம்.

கடைசியில், டாக்டர் மறுபடி வர இன்னும் இரண்டு நாள் இருக்கும்போது, அவன் தூங்கிக்கொண்டே இருந்தான். கூப்பிட்டால் கண்ணைத் திறக்கவில்லை. ஊசிபோடும் கொய்னா அலமாரியில் இருந்தது. சாவி என் மடியில் இருந்தது. ஸ்டூலிலிருந்து அலமாரிக்கு எட்டி நடந்தால் நாலடி. அன்று பிற்பகல் முழுவதும் வெளிச்சம் நன்றாக இருந்தது. மூச்சு எப்படி மாறுகிறது, கண்ணின் மணி எப்படி இருக்கிறது, கைகால் எப்போது விறைக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கத்தை எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன். ஒவ்வொரு வரியாக அது என் முன்னால் நடந்தது. பெரட்டு மணியடிப்பதற்குமுன் விடியற்காலையில் முடிந்தது. இராஜம்மாவுக்கு முந்தின மாலையே சொல்லியிருந்தேன். அவள் அதனால் அலறவில்லை. என் காலைத் தொட்டாள். அதை நான் எதிர்பார்க்கவில்லை.

பரீட்சையில் அந்தக் கேள்வி வந்தது. வேறு சொற்களில் கேட்டிருந்தார்கள், ஆனால் அதுதான். முப்பது வயது ஆண், ரப்பர் தோட்டத் தொழிலாளி என்று எழுதத் தொடங்கினேன். பேனா நிற்கவில்லை. அந்தத் தாளில் நான் முதல். யோகநாதன் எனக்குக் கீழே. அவன் வந்து கையைப் பிடித்துக் குலுக்கி, எப்படிப் படித்தாய் என்று என்னிடம் கேட்டான். நீ சொன்னபடிதான் என்றேன். அப்பா மறுபடி கோயிலுக்குப் போகத் தொடங்கினார். அம்மா தெரு முழுவதும் பனங்கட்டிப் பணியாரம் கொடுத்தார்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். டிரெஸர் தோட்டத்தில் இல்லாத நேரத்தில் ஆள் செத்துப்போனான் என்று பக்கிரிசாமி லேபர் ஆபீஸில் புகார் சொன்னான். விசாரணை வைத்தார்கள். அதற்கு முன்பே அம்மான் பிரிக்பீல்ட்ஸுக்கு வந்தார். அலமாரியை ஒழுங்குபடுத்தும்போது கவனித்திருக்கிறார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

“ஊசிக் கொய்னா நான் வைச்சபடியே கிடக்குது, பசி மருந்துதான் முடிஞ்சு போச்சுது, தம்பி. அந்த மனிசனுக்கு நீ என்ன குடுத்தனீ?”

சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை. அம்மா கோப்பி கொண்டுவந்தார். தன் அக்காவின் முகத்தை அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. குடையை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். விசாரணையில் அவர், ‘நான்தான் வேலையை விட்டுப் போனேன், நடந்ததற்கு நானே பொறுப்பு’ என்று மட்டும் சொன்னார். அவர் வேலையும் போயிற்று. அப்படிச் சொல்லும்படி நான் அவரைக் கேட்கவில்லை. அவர் யாரைக் காப்பாற்றினார் என்று எனக்குப் புரியவில்லை.

இராஜம்மாவும் ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். அவளை அதற்குமுன் செருப்பில்லாத காலோடு தோட்டத்தில்தான் பார்த்திருக்கிறேன். எங்கள் வாசலில் நின்றபோதுதான் வயிறு தெரிந்தது. உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. படியில் உட்கார்ந்துகொண்டாள்.

“டிரெஸர் ஐயா இல்லாததால ஒருத்தரும் பாக்காம செத்தாருன்னு எழுதப்போறாங்களாம். அது பொய்யிங்கய்யா. நீங்க பக்கத்துலயே இருந்து பாத்தீங்க. அத மட்டும் வந்து சொல்லுங்க. அவரு அநாதையா சாகலைன்னு எம்புள்ளைக்கு நான் சொல்லணும்.”

வருகிறேன் என்றேன். அவள் சொன்னதில் ஒரு சொல்லும் தவறு இல்லை. நான் பார்த்தேன். அந்தத் தோட்டத்தில் எந்த ஆளையும் எந்த வெள்ளைக்கார டாக்டரும் அப்படிப் பார்த்திருக்கமாட்டார்.

அதனால்தான் நேற்று விசாரணை முடிவை வாசித்தபோது நான் பின்வரிசையில் இருந்தேன். ‘கவனக்குறைவால் நேர்ந்த மரணம்’ என்று வாசித்தார்கள். இன்று இங்கே வந்து உட்கார்ந்திருப்பது அந்தச் சொல்லுக்காக. அம்மானுக்காக வந்தேன் என்று எழுதாதீர்கள். மனச்சாட்சி உறுத்தி வந்தேன் என்றும் எழுதவேண்டாம். கவனக்குறைவு என்ற சொல்லை நான் ஒப்புக்கொள்ள முடியாது. வாழ்நாள் முழுவதும் என்னைப் பற்றி வாத்திமார் எழுதிய சொல் அது. நாகையாவின் விஷயத்தில் ஒரு கணம்கூடக் கவனம் குறையவில்லை. கொய்னாவை நான் மறக்கவில்லை. ஒவ்வொரு நேரமும் நினைவு வைத்திருந்து, ஒவ்வொரு நேரமும் கொடுக்காமல் இருந்தேன். முதல் வாரத்தில் கொடுத்திருந்தால் பிழைத்திருப்பான். கடைசி நாளில் ஊசி போட்டிருந்தாலும் ஒருவேளை பிழைத்திருப்பான். தெரிந்துதான் போடவில்லை. அவனை நான்தான் கொன்றேன். சரியான சொல் அதுதான் என்றால் அதை எழுதிக்கொள்ளுங்கள். நீங்கள் நீட்டும் இடத்தில் கையெழுத்துப் போடுகிறேன்.

வருத்தப்படுகிறாயா என்று சற்று முன் கேட்டீர்கள். இனி என் கைக்கு வரப்போகும் காய்ச்சல்காரர்களை எண்ணிப் பாருங்கள் என்று மட்டும் சொல்வேன். ஒருவனையும் நான் தவறாகக் கணிக்கமாட்டேன். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க உங்களுக்கு மனம் இல்லையென்றால் அது என் குறை ஆகாது.

ஒரு வேண்டுகோள் உண்டு. இதையெல்லாம் சீக்கிரம் முடித்துக் கொடுங்கள். அடுத்த மாதம் கல்லூரி திறக்கிறது. இந்த வருஷம் பிரசவ வைத்தியம். அந்தப் பாடத்தை ஒருமுறை புரட்டிப் பார்த்தேன். வாசித்தால் ஏறவில்லை. பாலத்துத் தோட்டத்துக்கு இன்னும் வேறு டிரெஸர் வரவில்லை என்று கேள்விப்பட்டேன். இராஜம்மாவுக்கு இது ஏழாம் மாதம். அவளைப் பற்றி நீங்கள் ஒன்றும் கவலைப்படவேண்டாம். நான் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்வேன்.